மனிதனை அழிக்கும் அழகு

எரிமலைகளையும் தீவுகளையும் படம் பிடித்துக் கலைக்கூடச் சுவர்களில் மாட்டும் மரபொன்று இன்று செழித்து நிற்கிறது. கருமணற் கரை, பனிப்புகாராய் மாறிய அலை, ஆவி சூழ்ந்த எரிவாய் ஆகியவை அழகற்றவை என்று நாம் சொல்லவில்லை. இவற்றுள் மனிதன் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

"இது தூய இயற்கை" என்பது அவர்களது விடை. அத்தூய்மை எவ்வாறு ஆக்கப்படுகிறது? கமராவின் வில்லைக்கு முன்னே கருங்கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, நிமிடக் கணக்கில் அதனைத் திறந்து வைக்கிறார்கள். அசையாத பாறை பதிகிறது. நடமாடும் மனிதன் மறைந்து போகிறான். 1838இல் டாகுவேர் எடுத்த பாரிஸ் நகரத் தெருப்படத்திலும் இதுவே நிகழ்ந்தது. சனநெருக்கம் மிகுந்த வீதி வெறிச்சோடிக் கிடக்க, சப்பாத்துத் துடைப்பிக்க நின்றவனே அதில் துலக்கமாகத் தெரிகிறான். அன்று அது கருவியின் குறை. இன்று அது கலைஞனின் தெரிவு.

மனிதரில்லாத இடங்களும் உண்டு. 1963இல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலிலிருந்து எழுந்த சுர்ட்சே தீவுக்கு ஆராய்ச்சியாளரன்றிப் பிறர் செல்ல அனுமதியில்லை. அதனை வெறுமையாகக் காட்டுவது உண்மையே.

ஆனால், கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலை அத்தகையதா? அதன் அமில ஏரியின் நீலப் பசுமையும், கந்தக வாயு எரியும் நீலச் சுவாலையும் படங்களாய் உலகெங்கும் உலவுகின்றன. அதே வாயு குழாய்களில் குளிர்ந்து மஞ்சட் கந்தகமாய் உறைகிறது. அதனை இரும்புக் கம்பியால் உடைத்து, எழுபது கிலோவையும் மிஞ்சும் சுமையாகத் தோளிலேற்றி, நச்சுப் புகையூடே எரிவாயின் விளிம்புவரை ஏறியவர்கள் அவ்வூர்த் தொழிலாளர். சீனியை வெண்மையாக்க உதவியதும் அக்கந்தகமே. அம்மனிதரை நீக்கிய ஈஜென் படம், இயற்கையைப் பற்றியும் பொய் சொல்கிறது.

பிரேசில் நாட்டுக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோ 1991இல் அம்மனிதரையே படம் பிடித்தார். அதனால் மலையின் கம்பீரம் குன்றிவிடவில்லை. துன்பத்தை அழகுபடுத்தினார் என்று அவர்மீது குற்றம் சாட்டியோரும் உளர். அந்த விவாதம் தேவையானதே. துன்பத்தைக் காட்டியவனோடு காட்டிய விதம் பற்றி வாதாடலாம். துன்புறுவோனையே துடைத்தெறிந்தவனோடு எதைப்பற்றி வாதாடுவது?

அலை புகையாகும்வரை காத்திருக்கும் பொறுமை எமது கலைஞருக்கு உண்டு. சுமையோடு ஏறி வருபவன் அருகே வரும்வரையும் அவர்கள் காத்திருக்கட்டும். அவன் வந்ததும், கமராவின் கண்ணை ஒரு கணம் மட்டும் திறக்கட்டும்.