கடல் தெரிய ஓடுவது எங்கே?

"கடலோரமாக ஓர் அரை மாரத்தான் ஓட வேண்டும். போகிற வழி கண்ணுக்கு இனியதாக இருக்க வேண்டும். எங்கே போகலாம்?"

சென்ற நவம்பரில் நம் கல்லூரி வேப்பமரத்தடியில் வேதியியல் நண்பன் ஒருவன் இப்படிக் கேட்டான். கேட்டவன் ஒருவன், விடை சொன்னவர்கள் ஒன்பது பேர். ஆளுக்கொரு படத்தைக் கைப்பேசியில் நீட்டினார்கள். ஒரு படத்தில் பாறையும் அலையும். இன்னொன்றில் தென்னையும் மணலும். எல்லாப் படத்திலும் கடல் நீலமாகவே இருந்தது. படத்தில் இருந்த யாருக்கும் வியர்க்கவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த நான் அன்று வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இந்தக் கட்டுரை.

நண்பர்களே, அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டர்தான் 1921-இல் மாரத்தானுக்குரிய தூரம் என்று உறுதியாயிற்று. அதில் சரிபாதி இது. என்னைப் போன்ற நடுத்தர ஓட்டக்காரனுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு மணி நேரம் ஒரு மனிதன் கடலோரத்தில் தன் உடம்பையே உலையாக்கிக்கொண்டு ஓடப் போகிறான். ஆகவே அவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கடல் எவ்வளவு அழகு என்பதாக இருக்கக் கூடாது. எந்த நேரத்தில், எந்தத் திசையில், எந்தக் காற்றில் ஓடப் போகிறோம் என்பதாக இருக்க வேண்டும். இதுவே என் துணிபு.

இயற்பியல் படிப்பவன் கணக்குப் போடாமல் விடுவானா? ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓட ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவாகும் என்பார்கள். அறுபது கிலோ உள்ளவன் அரை மாரத்தான் ஓடினால் சுமார் 53 லட்சம் ஜூல். இதில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகவே உடம்பில் தங்குகிறது. அதை எப்படியாவது வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 24 லட்சம் ஜூலைக் கொண்டுபோகும். அப்படியானால் ஒன்றே முக்கால் லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாக வேண்டும். 'ஆவியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். கடற்காற்றில் ஈரம் மிகுதி. அங்கே வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. சொட்டிய வியர்வையால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. நீர் இழந்ததுதான் மிச்சம்.

இதனால்தான் நம் நாட்டுக் கடலோர ஓட்டங்கள் விடியுமுன்பே தொடங்குகின்றன. வெயிலுக்கு அஞ்சி இருட்டில் ஓடுகிறோம். ஆனால் கடலைக் காண வந்தவனுக்கு இருட்டில் என்ன தெரியும்? அலையோசை கேட்கும், அவ்வளவுதான். சென்னையில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் தோன்றவே ஆறரை மணி ஆகிவிடும். ஐந்து மணிக்குப் புறப்படுகிற வேகமான ஓட்டக்காரன் விளக்குக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே ஓடி முடித்துவிடுவான். பின்தங்கி வருகிறவனுக்குத்தான் உதயம் கிடைக்கும். மெதுவாக ஓடுகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற போட்டி உலகில் இது ஒன்றுதான் போலும்!

சென்னை மாரத்தானைக் குறை சொல்ல வரவில்லை. சென்னை ரன்னர்ஸ் அமைப்பினர் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்துகிறார்கள். முதல்முறை ஓடுகிறவனுக்குத் தண்ணீரும் மருத்துவ உதவியும் வழியெல்லாம் உண்டு. வழித்தடத்தில் கடற்கரைச் சாலை, பெசன்ட் நகர் என்று கடல் மணக்கும் பெயர்கள் வரும். ஆனால் மெரினாவில் சாலைக்கும் நீருக்கும் நடுவே எவ்வளவு மணல் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாலையில் ஓடுகிறவனுக்குக் கடல் ஒரு கோடு மட்டுமே.

அழகை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விசாகப்பட்டினத்துக்கு என் வாக்கு. அங்கே கடற்படையினர் ஆண்டின் இறுதியில் நடத்தும் ஓட்டம் ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் நடைபெறுகிறது. ஒரு புறம் கைலாசகிரி மலை, மறு புறம் வங்கக் கடல். கரையில் ஏற்றி நிறுத்திய குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் வேறு. மேடும் பள்ளமுமாக வளைந்து செல்லும் சாலை. ஆனால் இராமநாதபுரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். பெரிய ஓட்டங்களின் நுழைவுக் கட்டணமே ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ரயில், தங்கல், சாப்பாடு என்று சேர்த்தால், ஞாயிறுதோறும் ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டி கட்டும் எனக்கு மூன்று மாதச் சம்பாத்தியம். அந்தப் பணத்தில் அடுத்த பருவத் தேர்வுக் கட்டணம் அடங்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆரோவில் மாரத்தானைப் பற்றி நம் விலங்கியல் நண்பர்கள் புகழ்ந்தார்கள். 2008-இல் தொடங்கியது, பிப்ரவரியில் நடப்பது, செம்மண் பாதையில் மரநிழலில் ஓடுவது. முந்துவதைவிட ஓடுகிற இன்பமே பெரிது என்ற எண்ணத்தோடு நடத்துகிறார்கள். உடம்புக்கு இதைவிட நல்ல இடம் கிழக்குக் கடலோரத்தில் அரிது. ஒரே குறை, கடல் பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாது. மேற்குக் கரையின் செய்தி வேறு. அங்கே சூரியன் முதுகுப்புறம் மலையிலிருந்து வருகிறான். கடல் வெளுக்கத் தாமதமாகும், ஆனால் கண் கூசாது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் பெருங்கடல் சாலையில் நடக்கும் ஓட்டத்தில் அரை மாரத்தானே பல ஆண்டுகள் 23 கிலோமீட்டராக இருந்தது. காட்சியைப் பாதியில் வெட்ட மனமில்லை போலும்!

இனி தனுஷ்கோடிக்கு வருகிறேன். மரத்தடியில் ஒன்பதில் ஆறு பேர் சொன்ன பெயர் அது. "நம்ம மாவட்டத்திலயே இருக்குடா, இதைவிட அழகு எங்க இருக்கு?" என்றார்கள். மறுக்க முடியுமா? முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர்ச் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் நாங்கள் பெண்கடல் என்று அழைக்கும் அமைதியான நீர். மறு பக்கம் ஆண்கடலின் அலை. படம் எடுக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஆனால் ஓட? முதலாவது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இரண்டாவது, இருட்டில் அங்கே பொதுமக்களை விடுவதில்லை. விடிந்த பிறகுதான் புறப்பட முடியும். புறப்பட்டால் முனை வரை சூரியன் நேர் முகத்தில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தார்ச் சாலையைத்தான் பார்க்க முடியும். கச்சான் வீசும் மாதங்களில் மணல் சாலையேறிக் கிடக்கும். வாடை வீசும் மாதங்கள்தாம் மனிதனுக்கு ஏற்றவை. அவையே பறவைகளுக்கும் ஏற்றவை. பூநாரைகள் வந்து நிற்பது அப்போதுதான். தமிழக அரசு 2025 ஜூனில் அங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறது. ஜனவரி தொட்டுப் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. அந்த நேரத்தில் ஒலிபெருக்கியும் பாட்டும் ஆயிரம் பேரின் காலடியும் அங்கே வேண்டுமா?

இவை அறிவு சொன்ன காரணங்கள். இன்னொன்றும் உண்டு. தனுஷ்கோடியில் ஓடலாமா என்று வீட்டில் பேச்செடுத்தபோது அடுப்படியிலிருந்து அப்பத்தா கேட்டது: "அங்க போயி ஓடப் போறியா? நாங்க ஓடி வந்த ஊருடா அது." 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலே கடலில் போயிற்று. அப்பத்தாவுக்கு அப்போது எட்டு வயது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடியதை மட்டும் சொல்லும். அதற்கு மேல் சொல்லாது. இன்று வரை ராமேசுவரத்துக்குக் கிழக்கே அப்பத்தா போனதில்லை. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் பிடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் அறியமாட்டார்கள். ஆனால் முதுகில் எண் குத்திக்கொண்டு, பதக்கத்துக்காக, நான் அந்த வழி ஓட மாட்டேன். இது வாதமாகாது என்று தருக்கம் படித்தவர்கள் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்படியானால் எங்கே ஓடுவது? என் அளவுகோலைத் திரும்பச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் ஓடுகிறவன் போய்த் திரும்பும் வழியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். போகும் பாதி கிழக்கு நோக்கி, இருட்டில், குளிர்ச்சியில். திரும்பும் பாதி மேற்கு நோக்கி, வெளிச்சத்தில். வெயில் முதுகில் விழும்போது கண் கூசாது. அப்போதுதான் கடலின் நிறம் தெரியும். எதிரே சூரியன் இருந்தால் கடல் வெறும் தகரம். அடுத்தது காற்று. முதுகில் தள்ளும் காற்று நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மணிக்குப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவனைப் பத்து கிலோமீட்டர்க் காற்று பின்னாலிருந்து தள்ளினால், அவன் உடம்பைப் பொறுத்தவரை காற்றே இல்லை, வியர்வை காயாது. பக்கவாட்டுக் காற்றுதான் உத்தமம். போகும்போதும் வரும்போதும் அது குளிர்விக்கும்.

இந்த இலக்கணம் எல்லாம் பொருந்தும் வழி ஒன்று நம் வாசலில் இருக்கிறது. மண்டபத்தில் புறப்பட்டு, பாம்பன் சாலைப் பாலம் ஏறி இறங்கி, தங்கச்சிமடம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ இருபத்தொன்று. பாலம் 1988-இல் திறந்தது. இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். மார்கழி, தை மாதங்களில் வாடை போகும்போது இடத் தோளில் படும்; வரும்போது வலத் தோளில். கட்டணம் கிடையாது. பேருந்துகளும் லாரிகளும் ஓடுகிற சாலை என்பது பெருங்குறைதான்; பலர் சேர்ந்து ஓடுவதானால் காவல்துறை ஒரு மணி நேரமாவது ஒரு பக்கத்தை ஒதுக்கித் தர வேண்டியிருக்கும். நம் உடற்கல்வித் துறை ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். கேட்காமலே 'கிடைக்காது' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

கடிதத்துக்குக் காத்திராமல் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் ஓடிப் பார்த்தோம். ஐந்தே காலுக்குப் புறப்பாடு. போகும்போது பாலத்தில் இருட்டு. லாரி விளக்கும் உப்புக் காற்றும்தான். ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடினோம். தங்கச்சிமடத்தில் டீக்கடை ஒன்றில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். கடைக்காரர், "யாரை விரட்டிக்கிட்டு தம்பி போறீங்க?" என்று கேட்டார். திரும்பி ஓடுகையில் பின்னால் பொழுது விடிந்தது.

பாலத்தின் உச்சியில் மணி ஆறே முக்கால். வலப்புறம் பெண்கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. கீழே நாட்டுப்படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் அப்பாவின் படகும் ஒன்று. மேலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். வேதியியல் நண்பன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "படம் எடுக்கவா?" என்று கேட்டான். "எடு" என்றேன். அவன் கைப்பேசியை எடுக்கவில்லை. இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது.