பாஸ் அவுட் ஆனா தண்ணி தெளிக்கணுமா?

போன வாரம் எங்க காலேஜ்ல மாக் இன்டர்வியூ. ட்ரெயினிங் கொடுக்க வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தார். என் பக்கத்து ஸீட் மாப்ளைக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊரு. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். மூணு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தவன், 'ஐ வில் பாஸ் அவுட் நெக்ஸ்ட் இயர்'னு கம்பீரமா ஆரம்பிச்சான்.

'அய்யய்யோ, யாராவது தண்ணி ரெடியா வைங்கப்பா!'ன்னார் ட்ரெயினர். கிளாஸே சிரிச்சது. அப்புறம் மாப்ள வாயே திறக்கலை.

சாயங்காலம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். 'இங்கிலீஷ் நமக்குச் செட் ஆகாதுடா. நான் இன்டர்வியூவுக்கே வரலை'ன்னுட்டு பஸ் ஏறிட்டான்.

உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஜோக் எனக்கும் புரியலை. எல்லாரும் சிரிச்சாங்களேன்னு நானும் சிரிச்சேன். அந்த உறுத்தல்தான் மறுநாள் என்னை லைப்ரரிக்குத் தள்ளிட்டுப் போச்சு.

டிக்ஷ்னரியைப் புரட்டினா, 'பாஸ் அவுட்'டுக்கு ஒரு அர்த்தம் மயங்கி விழுவது. லண்டன்காரரோ நியூயார்க்காரரோ முதலில் நினைப்பது இதைத்தான். இன்னொண்ணு, விநியோகிப்பது. எக்ஸாம் ஹாலில் கொஸ்டின் பேப்பர் கொடுப்பதையும் இப்படிச் சொல்லலாம். மூணாவது, ராணுவப் பயிற்சி முடித்து வெளியே வருவது. சென்னை பரங்கிமலையில் 1963-ல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில், பேட்ச் முடியும்போது நடக்கும் அணிவகுப்புக்குப் பேரே 'பாஸிங் அவுட் பரேட்'. 1932-ல் தொடங்கிய டேராடூன் அகாடமியிலும் அதே பேர்தான். அங்கெல்லாம் யாரும் தண்ணி பாட்டிலோட நிற்பதில்லை!

நாலாவதுதான் நம்ம மாப்ள சொன்னது. படிப்பு முடித்து காலேஜை விட்டு வெளியே வருவது. இது இந்திய இங்கிலீஷில் நல்லாவே வேரூன்றிய பிரயோகம். '2024 பாஸ் அவுட்ஸ் மட்டும்'னு வேலை விளம்பரத்திலேயே போடறாங்களே!

ஆனா, வினைச்சொல்லோடு ஒட்டுற அந்தக் குட்டி வார்த்தை மாறினா மொத்தமும் மாறிடும். 'பாஸ் அவே'ன்னா இறந்து போவது. 'பாஸ் அப்'னா கைக்கு வந்த வாய்ப்பை விட்டுவிடுவது. எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன், 'மை கிராண்ட்ஃபாதர் பாஸ்டு அவுட்'னு லீவ் லெட்டர் கொடுத்தான். வார்டன் நிதானமா கேட்டார்: 'எந்தக் காலேஜ்ல?'

இதெல்லாம் இங்கிலீஷோட குசும்புன்னு நினைக்காதீங்க. நம்ம 'போடு'வைப் பாருங்க. போட்டுக் கொடுத்தான்னா காட்டிக் கொடுத்தான். போட்டு வாங்கினான்னா நைஸா விஷயத்தைக் கறந்தான். போட்டு உடைச்சான்னா உண்மையைப் பட்டுனு சொன்னான். போட்டுத் தள்ளினான்... மதுரைக்காரங்களுக்கு நான் விளக்கணுமா என்ன?

'போடு'வுக்கும் 'கொடு'வுக்கும் தனித்தனியா அர்த்தம் தேடுற வெளிநாட்டுக்காரர் பாவம், முழிப்பார். நாம இதை லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணலை. வீட்டிலேயும் டீக்கடையிலேயும் முழு வாக்கியமா கேட்டுப் பழகினோம். இங்கிலீஷுக்கும் அதே வழிதான். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம், முழுசா.

மறுநாள் இதையெல்லாம் மாப்ளகிட்ட சொன்னேன். நானும் புரியாமத்தான் சிரிச்சேன்னும் சொன்னேன்.

'அப்ப நான் சொன்னது தப்பில்லையா?'

'இல்லடா. நம்ம ஊர்ல சரி. ஆனா வெளிநாட்டுக் கம்பெனி ஆளுங்க உட்கார்ந்திருந்தா, ஐ வில் கிராஜுவேட்னு சொல்லிடு. யாருக்கும் குழப்பம் வராது.'

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் கேட்டான்: 'அடுத்த ரவுண்டு எப்படா?'