பண்டிகைத் தட்டில் ஆரஞ்சும் மதுவும்



திருவருகைக் காலம் தொடங்கியதும் மயிலை மாட வீதிகளிலும் தியாகராய நகர்க் கடைத்தெருக்களிலும் நாகபுரிக் கமலா ஆரஞ்சு தள்ளுவண்டிகளில் குவிந்துவிடுகின்றது. கிறிஸ்து பிறப்பு விருந்துக்கு அதனைக் கொண்டு எளிய இனிப்பு செய்ய விரும்பும் தாய்மார் பலர். மேல்நாட்டுச் சமையற் குறிப்புகளைப் படிப்போர், இறுதியில் இரண்டு மேசைக்கரண்டி ஆரஞ்சு லிக்யூர் ஊற்றுமாறு கூறியிருப்பதைக் கண்டு, "சுவாமி, இது தகுமா?" என்று நம்மை வினவுகின்றனர். சிறு வினாவெனினும் ஆழ்ந்து நோக்க வேண்டியதே.

லிக்யூர் என்பது சாராயத்தில் பழத்தோல், மூலிகை முதலியவற்றின் மணத்தை ஏற்றிச் சர்க்கரை கூட்டிய மதுவகை. பிரான்சு நாட்டின் குவான்த்ரோவும் கிராந்து மர்னியேயும் ஆரஞ்சுத் தோலின் மணங்கொண்டவை. இரண்டிலும் நூற்றுக்கு 40 பங்கு சாராயம். துறவியர்க்கும் இக்கலை அயலானதன்று. 1605-ஆம் ஆண்டில் தங்கள் கைக்கு வந்த ஒரு சுவடியிலிருந்து கார்த்தூசியத் துறவியர் உருவாக்கிய ஷார்த்ரூஸ் உலகப் புகழ் பெற்றது. கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய ஆண்டவரை வணங்கும் நாம், மது தன்னிலே பாவமென்று போதிக்க இயலாது. திருச்சபை அவ்வாறு போதிக்கவும் இல்லை.

ஆயினும், "சமைத்தால் சாராயம் ஆவியாகிவிடும்; தீ மூட்டினால் எரிந்துவிடும்" என்று பலர் நம்புவது சரியன்று. 1992-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை அளந்து கண்டனர். தீ மூட்டிய பண்டத்தில் சாராயத்தின் 75 விழுக்காடு எஞ்சிற்று. கால் மணி நேரம் கொதித்ததில் 40 விழுக்காடும், ஒரு மணி நேரம் கொதித்ததில் 25 விழுக்காடும் எஞ்சின. அடுப்பேற்றாமல் கலந்து இரவு முழுதும் வைத்ததிலோ 70 விழுக்காடு தங்கிற்று. ஆரஞ்சுச் சுளைமேல் ஊற்றும் லிக்யூர் அடுப்பைக் காண்பதே இல்லை. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி லிக்யூரில் 12 மில்லி தூய சாராயம் உண்டு. அறுவர் பங்கிட்டால் ஒருவர்க்கு 2 மில்லி. பெரும்பாலோர்க்கு இது பொருட்டன்று.

ஆனால் பந்தியில் அமர்பவர் பெரும்பாலோர் மட்டுமல்லர். குடியை விட்டொழித்து ஓராண்டு நிறைந்த தந்தை ஒருவர் அங்கே இருக்கலாம். அத்தகையோர் சிலர்க்கு டைசல்ஃபிராம் என்னும் மாத்திரையை மருத்துவர் கொடுப்பதுண்டு. அதனை உட்கொள்பவர் உடலில் சாராயம் சிறிதளவு சேரினும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் மூச்சுத் திணறலும் நேரிடக்கூடும். எனவேதான் மது கலந்த உணவையும் அவர் தவிர்க்க வேண்டுமென்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். மாத்திரை உண்ணாதவர்க்கும் அந்த மணமும் சுவையும் உறங்கிய வேட்கையைத் தட்டி எழுப்பலாம். நம் அடையாறு இந்திரா நகரில் குடிநோயாளர்க்குச் சிகிச்சையளிக்கும் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கினார். குடியினால் கணவரை இழந்த துயரமே அப்பணிக்கு வித்தாயிற்று. அத்தகைய இல்லங்கள் எத்தனையோ குடும்பங்களுக்கு மீட்டளித்த தந்தையை, ஒரு கிண்ணம் இனிப்பால் நாம் சோதனைக்கு உள்ளாக்கலாமா?

உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் புனித பவுலடியார் இதனையே ஆராய்கின்றார். ஓர் உணவு நமக்குத் தூயதே ஆயினும், அது சகோதரனுக்கு இடறலாகுமெனில் அன்பின் பொருட்டு அதனை விலக்குவதே நன்றென்பது அவர் தீர்ப்பு. பீடத்திலும் இப்பரிவு உண்டு. மதுவைச் சிறிதும் அருந்த இயலாத குருக்கள், ஆயரின் அனுமதியுடன், இயற்கைத் தன்மை மாறாது புளிப்பேறுதல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்தலாமென்று 2003 ஜூலை 24-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர் பேரவைகளுக்கு எழுதிய மடல் உரைக்கின்றது. பீடத்தில் இயல்வது நம் வீட்டு மேசையில் இயலாதா?

லிக்யூர் இன்றியும் அதன் மணத்தைப் பெற வழியுண்டு. அம்மணம் ஆரஞ்சுத் தோலிலுள்ள எண்ணெயே. பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கடைகளில் பளபளக்கும் பழங்கள் சிலவற்றுக்கு மெழுகு பூசப்பட்டிருக்கும். தோலின் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும் மெல்லச் சீவுங்கள். உட்புற வெண்பகுதி கசக்கும். சீவலைச் சர்க்கரையுடன் விரலால் நன்கு பிசைந்தால் எண்ணெய் சர்க்கரையில் ஏறிவிடும்.

அறுவர்க்கு ஆறு கமலா ஆரஞ்சு போதும். சுளைகளின் நார், விதை, மெல்லிய தோல் நீக்கி வையுங்கள். 150 கிராம் சர்க்கரையில் ஒரு பழத்தின் சீவலைப் பிசைந்து, 200 மில்லி தண்ணீர், இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கம்பிப் பதம் வேண்டா. விரலில் ஒட்டும் பிசுக்குப் பதம் போதும். இறக்கி ஆறியபின் அரை எலுமிச்சைச் சாறு பிழிந்து, சுளைகள்மேல் ஊற்றிக் குளிர்பெட்டியில் மூன்று மணி நேரம் வையுங்கள்.

பாயசம் விரும்புவோர் ஒரு லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரையும் ஏலப்பொடியும் இட்டு, முற்றிலும் குளிர்ந்த பின்னரே சுளைகளைச் சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் பழத்தின் புளிப்பினால் பால் திரிந்துவிடும். வங்காளத்தில் குளிர்காலத்தில் இவ்வாறே கமலாப் பாயசம் செய்கின்றனர்.

தங்கள் இல்லத்தாரை முழுதும் அறிந்தவர்கள் லிக்யூர் சேர்ப்பரேல், நாம் குற்றஞ் சாட்டோம். ஆனால் பரிமாறுமுன் மறைக்காது சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் கொடாதீர்கள். விரும்பாதவர்க்கு வேறு கிண்ணம் வையுங்கள். அதனையும் எல்லார் முன்னும் சுட்டிக்காட்டி ஒருவர் நாணும்படி செய்யாதீர்கள். பங்கின் பொதுப் பந்தியிலோ, யார் எந்தப் போராட்டத்தில் இருக்கிறார் என்பதை நாம் அறிய இயலாது. ஆகவே அங்கே மது கலவாத இனிப்பையே வைப்போமாக. பாலன் இயேசுவின் பிறந்தநாளில், அருகில் அமர்ந்திருக்கும் சகோதரனும் நம்மோடு சேர்ந்து அச்சமின்றி உண்ணட்டும்.