கணக்குப்பிள்ளை காப்பாற்றிய எழுத்து

கிரேக்கத்தில் எத்தனை எழுத்து என்று கேட்டால் யோசிக்காமல் 24 என்கிறோம். ஆல்ஃபாவில் ஆரம்பம், ஒமேகாவில் சுபம். இது கிரேக்கத்தின் கணக்கே இல்லை, அயோனியா என்கிற ஒரு வட்டாரத்தின் கணக்கு. பொ.ஆ.மு. 403-இல் ஏதென்ஸ் அதை அரசாங்க எழுத்தாக எடுத்துக்கொண்டது, மற்ற ஊர்கள் மெல்லப் பின்னால் போயின. அயோனியர் வாயில் 'வ' ஒலி முன்பே தேய்ந்துவிட்டது, அதனால் அவர்கள் வரிசையில் அதற்கு எழுத்தும் இல்லை. போயோட்டியாக்காரர்கள் அப்போதும் அதைக் கல்லில் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை யார் கேட்டார்கள்?

அந்த எழுத்துதான் திகம்மா. ஒரு காமாவின் மேல் இன்னொரு காமாவை ஏற்றிவைத்த மாதிரி இருப்பதால் வந்த பெயர். ஃபினீசியரின் 'வாவ்' எழுத்திலிருந்து பிறந்தது, வரிசையில் ஆறாவது. கீபோர்டில் நாம் தட்டும் எஃப் அதே உருவம்தான், இத்தாலி வழியாக வந்தது.

சரி, செத்த எழுத்துக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்? ஹோமருக்காக. அவருடைய வரிகள் பலவற்றில் தளை தட்டுகிறது. உயிரும் உயிரும் சந்தித்தால் நாம் நடுவே உடம்படுமெய் போடுவோம். கிரேக்கச் செய்யுளில் முன்னால் நிற்கும் குற்றுயிர் பெரும்பாலும் கெட்டுவிடும். ஆனால் சில சொற்களுக்கு முன்னால் மட்டும் கெடாமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பென்ட்லி அந்தச் சொற்களின் தலையில் 'வ' வைத்துப் பார்த்தார். தளை தட்டுவது நின்றது. மதுவுக்கு ஒய்னோஸ் அல்ல, வொய்னோஸ். அரசனுக்கு அனக்ஸ் அல்ல, வனக்ஸ். அலெக்சாண்டர் போப் இதைக் கவிதையிலேயே கிண்டலடித்தார். 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி எழுத்தை வாசித்தபோது, ஹோமருக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தைய களிமண் பலகைகளில் அரசனின் பெயர் 'வ-ந-க' என்றே இருந்தது. இப்ப யார் சிரிக்கிறது?

எல்லா வரியிலும் இது பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். பாட்டு அயோனிய வாய்களில் புரண்டு வந்தது. 1820-இல் பெய்ன் நைட் திகம்மாவை வலிந்து நுழைத்து ஹோமரையே பதிப்பித்தார். அந்தக் கூத்து எனக்கும் வேண்டாம். ஏட்டில் எழுத்து இல்லை என்பதற்காகப் பாடியவன்மேல் பழி போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இதில் பெரிய வேடிக்கை, எழுத்தைக் கைவிட்டவர்களால் அதன் எண்ணைக் கைவிட முடியவில்லை. கிரேக்கர்களுக்கு எழுத்தேதான் எண்: ஆல்ஃபா 1, பீட்டா 2. ஆறாவதைத் தூக்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் மொத்தக் கணக்கும் சரியும். திகம்மா 6 ஆக நின்றது, கூடவே கொப்பாவும் சம்பியும். புலவரிடம் கேட்டால் 24, கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் 27.

நூற்றாண்டுகள் போகப் போக அதன் உருவமும் சிதைந்து ஒரு கூட்டெழுத்தோடு குழம்பிவிட்டது. எழுத்தெண்ணில் அத்தியாயம் போட்ட கிரேக்கப் புத்தகம் கிடைத்தால் பாருங்கள். ஐந்துக்கு எப்சிலான், ஏழுக்கு ஸீட்டா. நடுவில் ஆறுக்குச் சிக்மாவும் டௌவும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், வேறொருவர் நாற்காலியில்.