லாரிக்கு ஒரு நியாயம், லேப்டாப்புக்கு ஒரு நியாயமா?

பதிவு நீளமாக இருக்கும். கோபத்தில் எழுதுகிறேன். கோபம் உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் போன் செய்தான். பையன் என்றால் இப்போது நாற்பத்தைந்து வயது. சங்ககிரி பக்கம் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறான். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள்.

"டீச்சர், பாப்பாவுக்குப் புது லேப்டாப் எடுத்துட்டனுங்க."

"சந்தோசம் கண்ணு. பழசு ஒண்ணு இருந்துச்சே, அது என்னாச்சு?"

"அது இனிமே ஓடாதுன்னு கடையில சொல்லிட்டாங்க டீச்சர். விண்டோஸ் டென் முடிஞ்சு போச்சாமா. எக்சேஞ்சுல மூவாயிரம் போட்டுக்கிட்டாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பழைய லேப்டாப்பை நான் பார்த்திருக்கிறேன். ஆபீசில் புதிது வாங்கியபோது முதலாளி அவனுக்குக் கொடுத்தது. ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடச் சொன்னதே நான்தான். அவனும் போட்டான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்.

புதிதின் விலை 52,000. எக்சேஞ்ச் கழித்து 49,000. முன்பணம் 7,000. மீதிக்கு மாதம் 2,690 வீதம் பதினெட்டுத் தவணை. கூட்டிப் பாருங்கள்: கையிலிருந்து போவது 55,420. கூடவே ஆபீஸ், ஆன்டிவைரஸ் என்று தனி பில். இவனுக்கு ஏழாம் வகுப்பில் தனிவட்டி நடத்தியது நான். பேப்பரில் கையெழுத்துப் போடும்போது அந்தக் கணக்கு ஞாபகம் வரவில்லையே என்று கேட்டேன். "பிள்ள படிப்புங்க டீச்சர்" என்றான். அதற்குமேல் நான் என்ன பேசுவது?

ஆனால் உங்களிடம் பேசலாம். ஏனென்றால் உங்களில் பலர் இதே வேலையைச் செய்யப் போகிறீர்கள்.

முதலில் அந்தக் கடைக்காரர் சொன்னதைப் பார்ப்போம். "விண்டோஸ் டென் முடிந்துவிட்டது." மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தியது உண்மை. அதற்கு அர்த்தம், இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல வராது என்பது. வேண்டும் என்று பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு அதையும் 2026 அக்டோபர் வரை ஒரு வருடம் நீட்டித்தார்கள். மெஷின் செத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்கவேண்டும் என்று நிபந்தனை. ஆறாம் தலைமுறையும் ஏழாம் தலைமுறையும் வாசலிலேயே நின்றுவிடும். மெஷின் ஓடும். அந்தக் கம்பெனி உள்ளே விடாது. இரண்டும் ஒன்றா?

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று யோசித்துப் பாருங்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறோம். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டி இந்தியா முழுக்கப் போர்வெல் போட அனுப்புகிறோம். என் வீட்டுக்காரர் முதன்முதலில் வாங்கிய லாரி மூன்றாம் கை வண்டி. விடிகாலையில், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவார். புகை கருப்பா நீலமா என்று பார்ப்பார். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். சேசிஸில் வெல்டிங் இருக்கிறதா என்று படுத்துக்கொண்டு தடவிப் பார்ப்பார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒன்றா, ஃபைனான்ஸ் பாக்கி நிற்கிறதா என்று விசாரிப்பார். பிறகுதான் விலை பேசுவார். அந்த வண்டியைப் பட்டறையில் விட்டுப் புதுப் பாடி கட்டி ஒன்பது வருடம் ஓட்டினார். எங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவில் பாதி அந்த வண்டி சம்பாதித்தது.

பத்து டன் வண்டியைப் பழசு வாங்கத் தெரிந்த நமக்கு இரண்டு கிலோ லேப்டாப்பைப் பழசு வாங்கப் பயம். சேசிஸ் நன்றாக இருந்தால் பாடியை மாற்றலாம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள், லேப்டாப்பில் விண்டோஸ் போனால் வேறு ஒன்றை ஏற்றலாம் என்பதை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறோம்.

அந்த வேறு ஒன்றுதான் லினக்ஸ். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கியது. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். காசு கிடையாது. உங்கள் கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். "லினக்ஸ் எல்லாம் எங்களுக்கு வராதுங்க டீச்சர்" என்று அந்தப் போனிலிருந்தே எனக்கு மெசேஜ் அனுப்புகிறீர்கள்.

இப்போது என் மேல் இருக்கிற கோபத்துக்கு வருகிறேன்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை, எங்கள் பள்ளிக்கு அது வரவில்லை. ஆனால் என்னிடம் எட்டாவது வரை படித்துவிட்டு வேறு பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து காட்டினார்கள். அதில் இரண்டு இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். திரையில் இருக்கிற படத்தைக்கூட மாற்ற விடாத விண்டோஸ் அது. இன்னொன்று பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது, நம் நாட்டு மொழிகளில் வேலை செய்வதற்கென்றே வந்தது. அதே காலத்தில் எல்காட் தன் அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், ஆன் பண்ணினா ரெண்டு பேரு வருதுங்க. இந்த ரெண்டாவது எதுக்குங்க?"

நான் சொன்னேன்: "அது வேண்டாம் சாமி, குழப்பும். கடையில குடுத்து எடுத்துரச் சொல்லு."

எத்தனை பேருக்கு இதையே சொன்னேன் என்று கணக்கில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்ல டீச்சர் வாய்க்குக் கூச்சம். தெரியாததை வேண்டாதது ஆக்கிவிட்டேன். அந்தப் பிள்ளைகள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முன்னூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு லினக்ஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் "காப்பி அடிக்காதே" என்று கத்தியவள், காப்பி அடித்த விண்டோஸுக்குப் பிள்ளைகளை அனுப்பி வைத்தேன். அந்தப் பதிவு படிக்கிற யாராவது அந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் ஐ.டி. ஒரு பாடம், அதையும் அதில்தான் எழுதுகிறார்கள். சேலத்தில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் பாலக்காடு. அங்கே பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு வருவது இங்கே காலேஜ் பிள்ளைக்கு வராதா?

எனக்கே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சேலத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். திங்க்பேட் டி470, ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. கொடுத்தது 13,500. பெங்களூரில் இருக்கிற என் பழைய மாணவன் போனில் சொல்லச் சொல்ல, லினக்ஸ் மின்ட் நானே ஏற்றினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். இந்தப் பதிவைத் தமிழ்99 விசைப்பலகையில் அதில்தான் அடிக்கிறேன். அதற்குத் தனியாக எதுவும் விலை கொடுத்து வாங்கவில்லை.

கணினி அறிவியல் படிக்கிற பெண்ணுக்கு என்ன வேண்டும்? சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ். எல்லாம் லினக்ஸில் இலவசம். அசைன்மென்ட் அடிக்க லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. வேலைக்குப் போனால் சர்வர் என்று அவள் தொடப்போவதில் பெரும்பாலானது லினக்ஸ். அவளுக்கு ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் செலவு செய்து, நாளைக்கு உதவப்போகிற விஷயத்திலிருந்து அவளைத் தள்ளி வைத்திருக்கிறோம்.

மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானும் கடைக்காரர் மாதிரி ஆகிவிடுவேன். எல்லாருக்கும் லினக்ஸ் ஒத்து வராது. பி.காம். படித்து டேலி கற்கவேண்டும் என்றால் விண்டோஸ் வேண்டும். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு ஆட்டோகேட் லினக்ஸில் கிடையாது. போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவர் போட்டோஷாப்பை விட முடியாது. வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள் எல்லாம் கொத்துக் கொத்தாக வேறு எழுத்தாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றித்தான் படிக்கவேண்டும். (இந்தத் தலைவலி விண்டோஸிலும் உண்டு, அந்த எழுத்துரு இல்லாவிட்டால்.) நம் ஊர் ஆபீஸ்களில் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே கேனன் எல்.பி.பி. 2900 பிரிண்டர், அதை லினக்ஸில் ஓட வைக்க நான் ஒரு தீபாவளி லீவு முழுக்கப் போராடித் தோற்றேன். எச்.பி. பிரிண்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆக, முதலில் கல்லூரியில் கேளுங்கள்: என்ன சாப்ட்வேர் கட்டாயம்? "புது லேப்டாப் வேண்டும்" என்று மட்டும் சொன்னால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

பழசு வாங்கப் போனால் லாரி வாங்குகிற மாதிரியே போங்கள். வீட்டு உபயோகத்துக்கு வந்த பளபளப்பான மாடல் வேண்டாம். கம்பெனிகள் மொத்தமாக வாங்கி, மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாகக் கழிக்கிற ரகங்கள் இருக்கின்றன. லெனோவோவில் திங்க்பேட், டெல்லில் லாட்டிட்யூட், எச்.பி.யில் எலைட்புக். அவை உழைப்பதற்கென்று செய்தவை. பல மாடல்களில் ரேம், எஸ்.எஸ்.டி., பேட்டரி எல்லாம் கழற்றி மாற்றலாம், கீபோர்டும் கிடைக்கும்.

கையில் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுபோங்கள். பணம் கொடுப்பதற்கு முன், எதையும் அழிக்காமல், அந்தப் பென்டிரைவிலிருந்தே மெஷினை ஓட்டிப் பார்க்கலாம். விடிகாலையில் இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரிதான் இது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, ஒவ்வொரு கீயும் எழுதுகிறதா பாருங்கள். பேட்டரி முதலில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்பதையும் மின்ட் காட்டும். மூடித் திறந்து கீல் ஆடுகிறதா பாருங்கள். பயாஸில் பாஸ்வேர்ட் கேட்டால், விற்கிறவருக்கு அது தெரியாவிட்டால், அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். திருட்டு மெஷின் கைக்கு வந்தால் போலீஸ் ஸ்டேஷன் ஏறுவது நீங்கள்தான். "பென்டிரைவ் எல்லாம் போடக்கூடாதுங்க" என்று சொல்கிற கடை உங்களுக்கு வேண்டாம். அரசு முத்திரை போட்ட இலவச லேப்டாப்பை யாராவது விலைக்குக் கொடுத்தால் தொடாதீர்கள். அது விற்பதற்குக் கொடுத்தது அல்ல.

"பழசுக்கு கேரண்டி இல்லையே அத்தை" என்று என் அண்ணன் மகன் இந்நேரம் கமென்ட் அடிக்கத் தயாராக இருப்பான். தம்பி, புதிதுக்கு ஒரு வருட கேரண்டி, கடன் ஒன்றரை வருடம். கேரண்டி முடிந்த பிறகும் ஆறு மாதம் தவணை கட்டவேண்டும். என் பழசு கெட்டே போனால்கூட அதே மாதிரி இன்னொன்று வாங்கிக்கொள்வேன், அப்போதும் உன் விலையில் பாதிதான்.

அந்த சங்ககிரிப் பையன் கதையை முடிக்கவில்லையே. நேற்று சேலம் போனபோது மனது கேட்காமல் அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் ஆறாம் தலைமுறை ஐ5 ஒன்று, 8 ஜிபி, எஸ்.எஸ்.டி. மேல் மூடியில் லாரி ஆபீஸ் ஸ்டிக்கரைக் கிழித்த பசை இன்னும் இருந்தது. விலைச் சீட்டு 12,500. "இது நல்லா ஓடுமா தம்பி?" என்று கேட்டேன். "சூப்பரா ஓடும்மா, இன்னும் அஞ்சு வருசம் கவலையே இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் போவதற்கு முன் வாருங்கள், பரணில் பழசு கிடந்தால் அதையும் சார்ஜரோடு எடுத்து வாருங்கள். பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் போன் பண்ணிவிட்டு வந்தால் மதியம் சாப்பாடும் இங்கேயே.