நீங்க எந்தக் கட்சி?

தேர்தல் நெருங்கிவிட்டால் மந்தாரக்குப்பம் கடைவீதியில் நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்க எந்தக் கட்சி?" எந்தக் கட்சியும் இல்லை என்று நாம் சொன்னால் கேட்டவர் நம்புவதில்லை. சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா அந்தக் கட்சியாத்தான் இருக்கும்" என்று தமக்குப் பிடிக்காத கட்சியின் பெயரைச் சொல்வார். கட்சி இல்லாத ஒருவர் ஊரில் இருக்க முடியும் என்பதே பலருக்கு விளங்குவதில்லை. வேட்டியின் கரையைப் பார்த்தே ஆளை எடைபோட்டுப் பழகியவர்கள் அல்லவா நாம்!

நெய்வேலியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சற்று நெருக்கமாக வந்து நிற்கிறது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே வேலையோடு சங்கமும், சங்கத்தோடு கட்சியும் சேர்ந்தே வளர்ந்தன. தொ.மு.ச. என்றால் தி.மு.க., அண்ணா தொழிற்சங்கம் என்றால் அ.தி.மு.க., சி.ஐ.டி.யு. என்றால் மார்க்சிஸ்ட், பாட்டாளி தொழிற்சங்கம் என்றால் பா.ம.க. என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தொழிலாளி சந்தா கட்டுவது சம்பள உயர்வுக்காகவும் பாதுகாப்புக்காகவும்தான். ஆனால் ஊர் அதைக் கட்சிக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. தந்தை ஒரு சங்கம், ஒப்பந்தத் தொழிலாளியாக உள்ள மகன் வேறொரு சங்கம் என்றால், வீட்டுச் சாப்பாட்டு நேரமே சில நாட்களில் பொதுக்கூட்டமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்யும்போதே எந்தக் கட்சி என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கட்சியும் இல்லை என்றும் எழுதலாம். அண்மை ஆண்டுகளின் கருத்துக் கணிப்புகளில் அங்கே பத்தில் நான்கு பேருக்கு மேல் தங்களைக் கட்சி சாராதவர்கள் என்றே சொல்கிறார்கள். நம் நாட்டின் வாக்காளர் பட்டியலிலோ பெயர் இருக்கும், தந்தை அல்லது கணவர் பெயர் இருக்கும், வயதும் வீட்டு எண்ணும் இருக்கும். கட்சி என்றொரு கட்டம் கிடையாது. சட்டம் நம்மைக் கேட்பதில்லை. கடைவீதிதான் கேட்கிறது!

அப்படியானால் சிலர் ஏன் கட்சி அட்டை வாங்க மறுக்கிறார்கள்? சோம்பல் என்றும் பயம் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் ஓரளவு உண்மைதான். ஆனால் நம் பகுதியின் வரலாற்றைப் புரட்டினால் வேறு காரணமும் தென்படும். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நமது தென்னாற்காடு மாவட்டத்தில் வேரூன்றியிருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, காங்கிரசை எதிர்த்து நின்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 19 இடங்களைப் பிடித்தது. 1954இல் அதன் தலைவர் எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியார் காமராசரின் காங்கிரஸ் அமைச்சரவையில் சேர்ந்தார். அவர் சேர்ந்ததற்கு அவருடைய நியாயங்கள் இருந்திருக்கும். அதை நாம் தீர்ப்பிட வரவில்லை. ஆனால் காங்கிரசு வேண்டாம் என்று வரிசையில் நின்று வாக்களித்த உழவரிடம் யாராவது போய்க் கேட்டார்களா?

அன்று முதல் இன்று வரை இதே கதைதான். பா.ம.க. 1998இல் அ.தி.மு.க.வோடும், 1999இல் தி.மு.க. இருந்த அணியிலும், 2001இல் மீண்டும் அ.தி.மு.க.வோடும், 2004இல் மறுபடி தி.மு.க.வோடும் நின்றது. 2006இல் தெய்வத்தோடும் மக்களோடும்தான் கூட்டணி என்று சொல்லித் தனித்து நின்ற விஜயகாந்த், நமக்கு அருகிலுள்ள விருத்தாசலத்தில் வென்றார். இரண்டு பெரிய கட்சிகளும் வேண்டாம் என்றவர்கள் அவருக்கு அள்ளிக் கொடுத்த வெற்றி அது. 2011இல் அவரது தே.மு.தி.க. அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது. பெரிய கட்சிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. டெல்லியில் யாரோடு சேர்வது, யாரைப் பிரிவது என்பதில் இரண்டுமே பலமுறை மாறியிருக்கின்றன. கூட்டணி என்பது அரசியலில் தேவைதான். ஆனால் நேற்று யாரைத் திட்டித் தெருவில் கோஷம் போட்டாரோ, இன்று அவருக்கே துண்டறிக்கை கொடுக்கச் செல்லும் அடிமட்டத் தொண்டரின் முகத்தைப் பார்த்திருக்கிறோமா? அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் பலர் அட்டையே வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள்.

சரி, கட்சிகள் வேண்டாமென்றால் சுயேச்சைகளுக்கு வாக்களித்துவிடலாமா? அங்கேயும் நாம் ஏமாந்துவிடக் கூடாது. 1952இல் 375 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 62 பேர் சுயேச்சைகள். 1957இல் தி.மு.க.வும்கூட அங்கீகாரம் பெறாத நிலையில் சுயேச்சைகளாகவே நின்று 15 இடங்களைப் பெற்றது. பின்னர் அந்தக் காலம் மறைந்தது. 1996இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையை நாடு கேட்க வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆனது, தேர்தலும் தள்ளிப்போனது. வென்றவர் தி.மு.க. வேட்பாளர். விவசாயிகளின் குறை என்ன என்பதைவிட வாக்குச்சீட்டின் நீளத்தைத்தான் நாடு பேசியது. அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

யாருக்கும் வாக்கில்லை என்று சொல்லும் வழியும் உண்டு. முன்பு 49 ஓ விதியின்படி அதை வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். சுற்றிலும் கட்சி முகவர்கள் அமர்ந்திருக்க, யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் இயந்திரத்தில் 'நோட்டா' பொத்தான் வந்தது. 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் மட்டும் 46,559 பேர் அதை அழுத்தினார்கள். கோபத்தைக் காட்ட அது ஒரு வழி. ஆனாலும் வெற்றி தோல்வியை அது மாற்றுவதில்லை.

இங்கேதான் நெய்வேலி நமக்கு வேறொன்றைக் காட்டியிருக்கிறது. 2006இல் மத்திய அரசு நிறுவனத்தின் பங்குகளில் 10 விழுக்காட்டை விற்க முடிவு செய்தபோது, வாயில் கூட்டங்களில் தனித்தனியே கொடி பிடித்த சங்கங்கள் ஒன்றாக நின்றன. மத்திய ஆட்சியில் பங்கு வகித்த தி.மு.க.வே தன் கூட்டணி அரசை எதிர்க்க வேண்டிய நிலை உருவானது. அந்த ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விற்பனையை நிறுத்திவைத்தார். 2013இல் மீண்டும் அதே பிரச்சினை வந்தது. மீண்டும் சங்கங்கள் இணைந்து வேலைநிறுத்தம் செய்தன. கடைசியில் 3.56 விழுக்காடு பங்குகளைச் சுமார் 358 கோடி ரூபாய்க்குத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. அன்று வாயிலில் நின்றவர்கள் தங்கள் அட்டையைக் கிழித்துப் போடவில்லை. கட்சி முதலில் என்னும் வரிசையை மட்டும் சில நாட்களுக்கு மாற்றி வைத்தார்கள்.

அந்த ஒற்றுமை எல்லாருக்கும் கிடைத்ததா என்றால், இல்லை. 2010லும் 2014லும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது அதே வேகம் எல்லாப் பக்கமும் தெரியவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விளையும் வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது அந்த வயல்களின் துயரம் இரண்டே நாளில் ஒரு கட்சியின் போராட்டச் செய்தியாகவும், கல்வீச்சுச் செய்தியாகவும் மாறிப்போனது. நெல்லை இழந்தவர் எந்தக் கட்சி என்பதல்லவே கேள்வி?

மத்திய அரசையே நிறுத்திவைத்தவர்கள் நாம். நம் தெருவிலும் அப்படி யோசிக்கிறோமா? தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, பேரூராட்சியில் உண்டு. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சிகளின் 7,600க்கும் மேற்பட்ட வார்டுகளில் ஏறத்தாழ 1,000 வார்டுகளைச் சுயேச்சைகள் வென்றார்கள். மாநகராட்சிகளிலோ 1,370க்கும் மேற்பட்ட வார்டுகளில் அவர்கள் நூறைக்கூடத் தொடவில்லை. ஊர் சிறுத்தால் ஆள் தெரிகிறார். ஊர் பெருத்தால் சின்னம்தான் தெரிகிறது.

பங்குமக்களாகிய நமக்கு இதில் குழப்பம் வேண்டாம். குருக்கள் கட்சிகளில் முனைப்பான பங்கெடுப்பதைத் திருச்சபைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. பொதுநிலையினருக்கு அத்தடை இல்லை. கட்சியில் சேர்வது பாவமும் அல்ல, சேராமல் இருப்பது புண்ணியமும் அல்ல. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, ஒரே விசுவாசம் கொண்டவர்கள் ஒரே பிரச்சினையில் வேறுபட்ட முடிவுக்கு வரலாம் என்று ஒப்புக்கொள்கிறது. தம் கருத்துதான் திருச்சபையின் கருத்து என்று யாரும் உரிமை கொண்டாடக் கூடாது என்றும் கூறுகிறது. வரி தண்டிய மத்தேயுவும், தீவிரவாதி என்றழைக்கப்பட்ட சீமோனும் ஒரே பந்தியில்தானே அமர்ந்தார்கள்? அந்தப் பந்தியில் என்ன பேச்சு நடந்திருக்குமோ, நாம் அறியோம்!

சென்ற உள்ளாட்சித் தேர்தலின்போது நமது அன்பியக் கூட்டத்தில் ஒரு முயற்சி செய்தோம். பல கட்சிக்காரர்களும் கட்சி இல்லாதவர்களும் சேர்ந்து ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதினோம். குடிநீர், தெருவில் படியும் சாம்பல் தூசி, மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும் வடிகால். வாக்குக் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளை நீட்டினோம். இரண்டு பேர் நின்று பதில் சொன்னார்கள். ஒருவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும், நீங்கள்லாம் எந்தக் கட்சி?" என்று கேட்டார்.