தீட்டுக்கல்லுக்குத் தண்ணீரே போதும்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பமொன்றிடம் எஞ்சியிருக்கும் முதல் எதுவென்று பார்த்தால், பல வேளைகளில் அது ஒரு மண்வெட்டியும், ஒரு கத்தியும், இரண்டொரு அரிவாளுமேயாகும். வயல்களுக்கு வெட்டு இயந்திரம் வந்துவிட்டது உண்மைதான். ஆயினும் சாய்ந்த பயிருக்கும், வரம்போரத்துக்கும், மாட்டுக்குப் புல் அறுக்கவும் அரிவாள்தான் வேண்டும். மொட்டை அரிவாளோடு கூலிக்குப் போகிறவரின் கை நோகும், வேலையும் குறையும். அந்த அரிவாளைத் தீட்டும் கல்லுக்கு எண்ணெய்ச் செலவு தேவையில்லை என்பதே எனது கருத்து.

கடையில் வாங்கும் சாம்பல் நிறக் கல் பெரும்பாலும் கார்பொரண்டம் ஆகும். 1891 இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்செசன் மின்னுலையில் ஆக்கிய பொருள் இது. இரும்பைத் தேய்ப்பது கல்லிலுள்ள மணிகளே, எண்ணெயல்ல. தேய்ந்த இரும்புத் தூள் கல்லின் துளைகளை அடைத்துவிடாமல் அகற்றுவது மட்டுமே எண்ணெயின் வேலை. அதனைத் தண்ணீரும் செய்யும்.

அப்படியிருந்தும் எண்ணெய்க்கு நாம் பணம் கொடுக்கிறோம். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தேங்காயெண்ணெய் நாட்பட்டால் பிசினாகிக் கல்லை அடைத்துவிடும். சிலர் பாவித்துக் கழித்த எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறார்கள். செலவில்லைத்தான், ஆனால் அது தொடர்ந்து தோலிற் படுவது புற்றுநோய்க்கு வழிவகுக்கும்.

“எண்ணெய் குடித்த கல்லுக்கு இனித் தண்ணீர் ஆகாது” என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. துளைகளில் எண்ணெய் இருக்குமட்டும் தண்ணீர் உருண்டோடும். எண்ணெயை எடுத்துவிட்டால் தடையேதுமில்லை.

எடுப்பது கடினமான காரியமல்ல, பொறுமைதான் வேண்டும். அடுப்புக்கு எட்ட வைத்து, மூடிய பாத்திரத்தில் ஓரிரவு மண்ணெண்ணெயில் கல்லை ஊறவிடுங்கள். இதுவே அதற்கான கடைசி மண்ணெண்ணெய்ச் செலவு. மறுநாள் பழைய பிரஷினால் தேய்த்துக் கழுவி, சலவைத்தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரில் போடுங்கள். நீரில் எண்ணெய்ப்படை தெரியும்வரை, சில நாட்களுக்கு நீரை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுக் கல்லை நெருப்பில் வைக்கவோ கொதிநீரில் போடவோ வேண்டாம். வெடித்துவிடலாம், இரு துண்டுகளை ஒட்டிய கல்லாயின் ஒட்டும் விடலாம். பின்னர் நிழலில் உலர்த்தி ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். அது உள்ளே இறங்கினால் கல் தயார். முத்துப்போல நின்றால் இன்னும் கழுவ வேண்டும்.

கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றுவது கிணற்றுக்கே போய்ச் சேரும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் தீர்ப்பானதை வாசகர் அறிவர்.

இனித் தீட்டுமுன் கல்லை நீரில் அமிழ்த்தி, குமிழி நின்றதும் எடுத்தால் போதும். தண்ணீருக்கும் ஒரு குறையுண்டு: துரு. கரையோரக் கிராமங்களில் உவர்க் கிணற்று நீரென்றால் இன்னும் விரைவாகப் பிடிக்கும். ஆகவே தீட்டியதும் அலகை நன்கு துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் துணியால் பூசி வையுங்கள். அந்த ஒரு சொட்டு வீண்போகாது.

தச்சு வேலை செய்பவர் உளிக்கும் சீவுளிக்கும் வைத்திருக்கும் மென்மையான கல் எண்ணெயில் நன்றாக வேலை செய்கிறதென்றால், அதை மாற்றும்படி நான் சொல்லமாட்டேன். நான் சொல்வது அரிவாளும் மண்வெட்டியும் தீட்டும் கல்லைப் பற்றியே.

ஒரே கல்லைப் பல வீட்டார் பாவிக்குமிடத்தில் எல்லோரும் முதலில் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் அறியாமல் எண்ணெய் விட்டாலும் கழுவிய வேலை முழுவதும் வீண். கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சிரட்டைத் தண்ணீர் இருக்கட்டும். வருகிறவர் எண்ணெய்ப் போத்தலைத் தேடமாட்டார்.